தூக்கத்துக்கு வயிறெரிந்த மனிதர்

செல்லூரில் எங்கள் சந்தில் குடியிருந்தவர்களில் என் அக்கா புருஷன் நல்லகாமனைப் பார்த்து வயிறெரியாதவர்கள் குறைவு. சொத்துக்காக இல்லை. அவரிடம் இருந்தது நாலு விசைத்தறி, அதிலும் ஒன்று மாற்றி ஒன்று மக்கர் பண்ணிக்கொண்டே இருக்கும். ஜனங்கள் பொறாமைப்பட்டது அவருடைய தூக்கத்தைப் பார்த்து. இரவு பகல் இல்லாமல் தறிகள் தடதடக்கிற அந்தச் சந்தில் மற்றவர்களெல்லாம் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு புரண்டுகொண்டிருப்பார்கள். மாமா மட்டும் உட்கார்ந்த இடத்தில் தூங்குவார். முடிவெட்டக் குனிந்தால் தூங்குவார். பந்தியில் இலை போட்டுச் சோறு வருவதற்குள் தூங்குவார். ஒரு துக்க வீட்டில் பெண்கள் ஒப்பாரியை நிறுத்தித் தண்ணீர் குடித்த நேரத்தில் இவருடைய குறட்டை மட்டும் தனியாகக் கேட்டு, இழவு வீடே சிரித்துவிட்டது.

“கொடுத்து வச்ச மனுசன்யா. கண்ண மூடுனா போதும், ஆளு இந்த ஒலகத்துல இல்ல” என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். மாமா காதில் விழுந்தால் அந்தக் கடையில் ஒரு வாரம் டீ குடிக்க மாட்டார்.

இது எழுபதுகளின் கடைசியில் நடந்தது. இன்றைக்கு அந்த வியாதிக்குப் பெயர் இருக்கிறது, தூங்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ள மிஷின்கூட வந்துவிட்டது. அன்றைக்கு அதை வியாதி என்று சொன்னால் சிரிப்பார்கள். நான் வடக்குமாசி வீதியில் ஒரு மருந்துக் கடையில் கவுண்டரில் நின்றேன். தினமும் எத்தனையோ வியாதிகளின் சீட்டு என் கைக்கு வரும், மாமாவின் வியாதிக்கு மட்டும் சீட்டு வந்ததே இல்லை.

விஷயம் இதுதான். மாமா படுத்ததும் குறட்டை ஆரம்பிக்கும். ஏறிக்கொண்டே போய்த் திடீரென்று நிற்கும். குறட்டை மட்டுமல்ல, மூச்சும் நின்றுவிடும். என் அக்கா பாண்டியம்மாள் எழுந்து உட்கார்ந்து தோளைப் பிடித்து உலுக்கினால், கிணற்றில் முங்கி எழுந்தவர் மாதிரி ஓர் இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி குறட்டைக்குப் போவார். விடிய விடிய இதே பாடு. காலையில் அடித்துப் போட்ட மாதிரி எழுந்திருப்பார். தலை கனக்கும், பகலெல்லாம் கண் சொருகும்.

அதனால் ஊரே அவரைப் பார்த்துப் பொறாமைப்பட, அவர் ஊரையே பார்த்துப் பொறாமைப்பட்டார். காலையில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பல் விளக்குகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. சோம்பல் முறித்துக்கொண்டு, “அப்பாடா, நல்ல தூக்கம்” என்று சொல்கிறவனிடம் அன்றைக்கு முழுக்கப் பேச மாட்டார். அதிலும் தம்பி மலையாண்டியைக் கண்டால் சொல்லவே வேண்டாம், முகம் கடுகடுத்துப் போகும்.

மலையாண்டி அலங்காநல்லூர் பக்கத்தில் சொந்த ஊரிலேயே இருந்து பூர்வீக நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பு மாதிரி உடம்பு. ஒரு ஜல்லிக்கட்டுக் காளை வளர்த்தான், அதற்குச் செய்கிற சேவையில் பாதியைப் பெண்டாட்டிக்குச் செய்திருந்தால் அவள் தெய்வம் என்று கும்பிட்டிருப்பாள். மத்தியானம் சாப்பிட்டதும் களத்துமேட்டில் துண்டை விரித்துப் படுப்பான். ஒரு சத்தம் வராது. கொஞ்ச நேரத்தில் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு மண்வெட்டியைத் தூக்குவான். ஊருக்குப் போகும்போதெல்லாம் மாமா அவன் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

“பாரு மாப்ள, வாயப் பாரு. எப்பிடி மூடியிருக்கு பாரு” என்பார் என்னிடம். “ஒரே வயித்துல பொறந்தோம். எங்காத்தா தூக்கத்த பூராவும் இவனுக்கே குடுத்துட்டா.”

இவர்களுக்கு ஒரே தங்கை, ஒச்சாயி. பக்கத்து ஊரில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லாமல், கோயில் குளம் சுற்றிக் கடைசியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. செத்துப்போன தாயின் பெயரையே வைத்தார்கள், இருளாயி. எங்கள் பக்கத்தில் மொட்டை போட்டுக் காது குத்துகிற அன்றைக்குக் குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். மாமன்கள் இரண்டு பேர் இருந்தால் மூத்தவன் மடி. அந்த மடிக்காக வெட்டுக்குத்து நடந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். மாமாவுக்குப் பிள்ளை இல்லை. ஆகவே அந்த ஒரு நாளுக்காகத்தான் அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொன்னால்கூட மிகையில்லை.

பெயர் வைத்த அன்றைக்கே வினை வந்தது. குழந்தையை மாமா மடியில் போட்டார்கள். எல்லோரும் சர்க்கரை தொட்டு வைக்க முட்டிமோதிக்கொண்டிருந்தபோது மாமா கண் சொருகிவிட்டார். கை தளர்ந்து குழந்தை வழுக்கியது. பக்கத்திலிருந்த மலையாண்டி சட்டென்று ஏந்திக்கொண்டான். ஒன்றும் ஆகவில்லை, குழந்தை அழக்கூட இல்லை. ஆனால் ஒச்சாயியின் மாமியார் ராக்கம்மாள் பார்த்துவிட்டாள். அந்த அம்மாள் வாய்க்கு அந்தப் பக்கமே நடுங்கும்.

“ஏப்பா மூத்தவனே, தவமிருந்து பெத்த புள்ள. மொட்டையடிக்கிற கத்தி, காது குத்துற கம்பி, ரெண்டும் புள்ள மேல வெளையாடும்போது நீ சாமியாடிக்கிட்டு இருந்தா யாரு பதில் சொல்றது? மாசியில காதுகுத்து. அதுக்குள்ள ஒன் தூக்கத்துக்கு ஒரு வழி பண்ணு. இல்லன்னா சின்ன மாமன் மடியிலதான் உக்கார வைப்போம்.”

மலையாண்டி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா தூங்கவே இல்லை. “சொல்லல பாத்தியா மாப்ள? ‘அண்ணன் இருக்கும்போது நான் எப்பிடி’ன்னு ஒரு வார்த்த சொல்லல பாத்தியா?” என்று செல்லூர் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

மறுநாளே வைத்தியம் ஆரம்பமானது. முதலில் கைராசிக்காரர் என்று பேர் எடுத்த ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். நாள் முழுக்கக் காத்திருந்தோம், உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தோம்.

“பசிக்குதா?” என்றார் டாக்டர்.

“நல்லாப் பசிக்குதுங்க.”

“தூக்கம்?”

“அதாங்க வெவகாரம். படுத்தா ஒடனே தூங்கிருவேன்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். “எனக்கு மாத்திரை போட்டாக்கூடத் தூக்கம் வரமாட்டேங்குது. உங்க வியாதிய எனக்குக் குடுத்துட்டுப் போங்களேன்” என்று சிரித்தார். அந்தக் கண்ணிலும் பொறாமை இருந்ததை நான் பார்த்தேன். சத்து ஊசி ஒன்றைப் போட்டு அனுப்பினார். வெளியே வந்த மாமாவின் முகம் செத்துப்போயிருந்தது. வியாதியைச் சொல்லப் போன இடத்தில், அதற்கும் ஒருத்தர் ஆசைப்படுகிறார்.

அடுத்தவர் நரம்பு டாக்டர். ராத்திரி தூக்கம் ஆழமாக இல்லாததால்தான் பகலில் தூக்கம் வருகிறது, ஆழமாகத் தூங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மாத்திரை எழுதினார். அக்கா குறுக்கே பேசினாள். “டாக்டரய்யா, தூங்கும்போது இவுகளுக்கு மூச்சு நின்னு நின்னு வருது. நான் பக்கத்துல இருந்து பாக்குறேன்.”

“மூச்சு நின்னா ஆள் செத்துருவாரும்மா. இவர் உயிரோடதானே உக்காந்திருக்கார்?” என்றார் அவர். “நீங்க கொஞ்சம் வெளிய இருங்க.”

அக்கா வெளியே போய் நின்றாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேஜையைக் கவிழ்த்திருப்பேன். ஆனால் என் முதலாளிக்கு வேண்டிய டாக்டர் அவர், எங்கள் கடைக்குத்தான் சீட்டு வரும். வாயை மூடிக்கொண்டு மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். அதைப் போட்ட ராத்திரி அக்கா எவ்வளவு உலுக்கியும் மாமா சுலபத்தில் திரும்பவில்லை. உதடு கறுத்துவிட்டதாம். காலையில் மாத்திரையைச் சாக்கடையில் கொட்டினாள்.

மூன்றாவது, மூக்கு டாக்டர். உடம்பைக் குறை என்றார். அது ஒன்றுதான் உருப்படியான பேச்சு என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் எப்படிக் குறைப்பது என்று சொல்லவில்லை. “மலையாண்டி என்னவிட ரெண்டு பங்கு திங்கிறான். அவன யாரும் கொறைக்கச் சொல்லல” என்று மாமா அதிலும் தம்பியை இழுத்தார்.

டாக்டர்கள் கதவைச் சாத்தியதும் மற்ற கதவுகளெல்லாம் திறந்தன. சமயநல்லூரில் ஒரு வைத்தியர் மூக்கில் எண்ணெய் விடுவார் என்றார்கள். விட்டார். மாமா அன்றைக்குப் போட்ட தும்மலில் வைத்தியர் வீட்டுக் கோழிகள் எல்லாம் கூரைக்குப் போய்விட்டன. நாலைந்து நாள் மூக்கு திறந்து, கொஞ்சம் தெளிவாகக்கூட இருந்தார். பிறகு பழைய குருடி கதைதான். அடுத்து, எங்கள் சந்து முனையில் இருந்த மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் இன்பசேகரன் இயற்கை வைத்தியத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். வயிற்றில் ஈர மண் பற்று, பச்சைக் காய்கறி, தேங்காய், சாயங்காலம் சங்கு ஊதுவது. தறிச் சத்தத்தையும் மீறி மாமா சங்கு ஊத, யார் வீட்டில் இழவு என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். அந்த வைத்தியத்தில் இடுப்பு கொஞ்சம் குறைந்தது, குறட்டையும் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. ஆனால் கறி வாசனைக்கு வளர்ந்த உடம்பு எத்தனை நாள் வெள்ளரிக்காயில் ஓடும்?

அக்காவுக்கு ஆரம்பத்திலிருந்தே வேறு ஒரு கணக்கு இருந்தது. ஊரே இவர் தூக்கத்தைப் பார்த்து வயிறெரிகிறது, அப்படியானால் இது கண்ணேறு இல்லாமல் வேறென்ன? கண்ணேறு கழிக்க உப்பு, மிளகாயோடு, யார் கண் என்று சந்தேகமோ அவர்களுடைய காலடி மண்ணும் வேண்டும். சந்தில் சந்தேகப்பட்டவர்கள் மண்ணையெல்லாம் எடுத்துச் சுற்றிப் போட்டுப் பார்த்துவிட்டாள். வியாதி கேட்கவில்லை. கடைசியாக அவள் சந்தேகம் கொழுந்தன் மேல் போனது. மடி யாருக்குக் கிடைக்கப்போகிறதோ அவன் கண்தானே படும்?

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, மலையாண்டி காளையைப் பிடித்துக்கொண்டு நடந்துபோன தடத்தில் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்தாள். மலையாண்டி பெண்டாட்டி ஜெயக்கொடி மாட்டுக்கொட்டத்து வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டாள். அந்த மண் எதற்கென்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

“ஏக்கா, எம் புருசன் கண்ணா பட்டுச்சு ஒங்க வீட்டுக்காரருக்கு?” என்று கூப்பாடு போட்டாள். “அவுசாரியப் பத்திக்கூட இந்தப் பேச்சுப் பேச மாட்டாக. அவர் மண்ண அவுத்துக் கொட்டிட்டுப் போ!”

ஊர் கூடிவிட்டது. மலையாண்டி காளையைக் கட்டிவிட்டு வந்து நின்றான். கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் அண்ணனைப் பார்த்துத் தணிவாகத்தான் பேசினான்.

“ஆமாண்ணே. எனக்குப் பொறாமதான். தங்கச்சிக்கு இடுப்பு வலி வந்தப்ப வண்டி கட்டி ஆசுபத்திரிக்குக் கொண்டு போனது நானு. ஆத்தா படுக்கையில கெடந்தப்ப அள்ளிப் போட்டது நானு. நீ செல்லூர்லருந்து வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வருவ, மூத்தவன்னு ஒன் மடியில புள்ளையக் குடுப்பாக. எனக்குப் பொறாம வராம யாருக்கு வரும்? ஆனா ஒன் தூக்கத்த நான் எடுக்கல. எடுக்க முடிஞ்சா, எந்தூக்கத்துல பாதிய ஒனக்குக் குடுத்துருவேன்.”

அக்கா முந்தானையை அவிழ்த்து மண்ணைத் தட்டிவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. ஆனால் பொறாமை நிற்கவில்லை, கூடத்தான் செய்தது. “பாதியக் குடுப்பானாம். எம்புட்டுத் தூக்கம் வச்சிருந்தா இப்பிடிப் பேசுவான்?” என்று மாமா தறிக்கு நூல் மாட்டும்போதெல்லாம் முனகுவார்.

மாசி மாதம் வந்தது. குலதெய்வம் கோயிலில் பந்தல், மைக் செட், கிடாய் வெட்டு. மாமா சீர்த் தட்டுகளோடு மேளம் வைத்து வந்தார். மலையாண்டியும் தனியாக மேளம் வைத்து வந்தான். இரண்டு மேளமும் கோயில் வாசலில் ஒன்றையொன்று அடித்து முழங்கின. மாமாவைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். கண்ணில் தூக்கத்தின் சாயலே இல்லை. தம்பி கட்டியிருந்த பட்டுத் துண்டையும், தம்பி தட்டில் இருந்த தங்கக் கம்மலையும், தம்பியைச் சுற்றி நின்ற ஆட்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். எண்ணெயும் மண்ணும் சங்கும் செய்யாததை வயிற்றெரிச்சல் செய்துகொண்டிருந்தது.

ராக்கம்மாள் காலையிலிருந்து அவரையே நோட்டம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒச்சாயி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றாள். இரண்டு அண்ணன்மாரையும் பார்த்தாள், கண் கலங்கியது. “மொறைன்னா மொறதான் அத்த. மூத்த அண்ணன் முழிச்சுத்தான இருக்கு” என்றாள். ராக்கம்மாள் ஒரு பெருமூச்சு விட்டுத் தலையை ஆட்டினாள்.

குழந்தை மாமாவின் மடிக்கு வந்தது. மொட்டை போட்டு முடிகிற வரைக்கும் மாமா இமைக்கவில்லை. கத்தி எங்கே போகிறதோ அங்கே அவர் கண் போனது. மலையாண்டி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சமையல் நடந்த பக்கம் போய்விட்டான். அவன் போவதை மாமா கடைசி வரைக்கும் பார்த்தார். பிறகு குனிந்து, சந்தனம் பூசிய அந்தச் சின்ன மண்டையைப் பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அந்த முகத்தில் யார் மேலும் பொறாமை இல்லாததை நான் பார்த்தேன்.

அதுதான் வினை. வயிற்றெரிச்சல் அடங்கியது, கண் சொருகியது.

ஆசாரி தங்கக் கம்பியை எடுத்து ஒரு காதைக் குத்தினார். குழந்தை வீறிட்டது. அந்தச் சத்தத்துக்கும் மாமா விழிக்கவில்லை. தலை மார்பில் கவிழ்ந்திருந்தது, கை இரண்டும் மட்டும் குழந்தையை இறுக்கிப் பிடித்திருந்தன. சீர்வரிசையைச் சொல்லப் பக்கத்தில் வைத்திருந்த மைக்கில் குறட்டை ஏறி, ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்டது. பந்தல் முழுக்கச் சிரிப்பு. ஒருத்தன் விசிலடித்தான்.

குறட்டை நின்றது. சிரிப்பு நிற்கவில்லை.

“சிரிக்காதீக!” என்று அக்கா கத்தினாள். “மூச்சு நின்னுபோச்சு, பாருங்க! நெஞ்சப் பாருங்க, அசையுதா பாருங்க!”

அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். நெஞ்சு அசையவில்லை. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் அக்கா ஒருத்தி மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததை அன்றைக்கு ஒரு பந்தலே பார்த்தது. அக்கா தோளைப் பிடித்து உலுக்கினாள், மடியில் குழந்தை இருந்ததால் ஆளைப் புரட்ட முடியவில்லை. “தலையத் தூக்குங்க, யாராச்சும் தாடையத் தூக்கிப் பிடிங்க” என்று அழுதாள்.

சமையல் பக்கமிருந்து மலையாண்டி ஓடி வந்தான். அண்ணனுக்குப் பின்னால் மண்டி போட்டு, இரண்டு கையையும் தாடைக்கு அடியில் கொடுத்துத் தலையைத் தூக்கித் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டான். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, பந்தல் துணியே கிழிகிற மாதிரி ஓர் இழுப்பு வந்தது. மாமா கண்ணைத் திறந்தார். தன் தோளுக்கு மேலே நீண்டிருந்த தம்பியின் கைகளைப் பார்த்தார். உடனே குழந்தையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

“எடுக்காதடா. எம் மடிடா.”

“எடுக்கலண்ணே” என்றான் மலையாண்டி. “நீ மொதல்ல மூச்ச விடு.”

ஆசாரி அடுத்த காதைக் குத்தி முடிக்கிற வரைக்கும் அவன் தாடையிலிருந்து கையை எடுக்கவில்லை.